நீ பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்

அம்மா,

சீனி போடாத காப்பிக்குத் தனியாக ஒரு வாசனை இருக்கிறது. சீனி போட்டால் அது அடங்கிவிடும். இப்போது என் முன்னால் இருக்கும் தம்ளரிலிருந்து அதுதான் வருகிறது. பெங்களூருக்கு நேற்றுக் காலையில்தான் திரும்பி வந்தேன். உன் மருமகன் ஆபீசுக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். காப்பியைக் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை. எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டும். நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. அன்றைக்கு அழுகை இருந்தது, கூட அழ ஆட்கள் இருந்தார்கள். இதற்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. நடு வயதை எட்டிய ஒருத்தி, தன் அம்மாவிடம் இத்தனை வருஷமாகப் பேசியது முழுக்க முழுக்க அம்மாவிடம் மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டால் அவள் என்னதான் செய்வாள், சொல்லு.

உன் காரியம் எல்லாம் முடிந்த மறுநாள் காலை. சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பிள்ளைக்குப் பரீட்சை என்று இவர் அவளைக் கூட்டிக்கொண்டு முன்னாலேயே ரயிலேறிவிட்டார். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பாவும் நானும் என்றால் உனக்குத் தெரியுமே, ஒரே வீட்டுக்குள் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி. நான் அடுக்களையில் உன் அரிசி டின்னை இறக்கிவைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தம்ளர் வைக்கும் சத்தம்.

"சீனி போடல. கருப்பட்டியும் போடல."

திரும்பிப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், "இனி ஒனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது" என்று சொன்னாரே, நானும் "சரி" என்றேனே, அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்து, சரி, ஜன்னலைப் பார்த்து, பேசிய முதல் வார்த்தை இதுதான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். உன் மேல். ரத்தத்தில் சர்க்கரை வந்திருப்பதை நான் உன் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். கட்டின புருஷனிடம்கூட அப்போது சொல்லவில்லை. "யார்ட்டயும் சொல்லிராத" என்று இரண்டு தடவை சொன்னேன். நீயும் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் யார்ட்டட்டீ சொல்லப்போறேன்" என்றாய்.

"அம்மா சொல்லிட்டாளா?" என்று கேட்டேன். அப்பாவிடம் நான் பேசிய முதல் வார்த்தையும் அதுதான்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ எங்கன எனக்குச் சொன்னா? நான்லா அவளுக்குச் சொன்னேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துக்கத்தில் மனுஷருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"என்ன சொல்லுதீங்க?"

"அவளுக்குத்தான் காது கேக்காதேம்மா" என்றார், மழை பெய்கிறதே என்று சொல்வது போல. "போன்ல சுத்தமாக் கேக்காது. நீ பேசுததை நான் கேட்டு, வாயசைச்சுக் காட்டுவேன். அதப் பாத்து அவ பேசுவா."

நான் நம்பவில்லை. செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். அவள் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், கையில் செதிலோடு என்னையே பார்த்தாள். "ஏளா, ஒனக்கு நெசமாவே தெரியாதா? நாங்க எல்லாம் அத்தைய முன்னால போயி நின்னு, கையக் காட்டித்தானே கூப்பிடுவோம்" என்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. பால்காரருக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற மகள் எனக்குத் தெரியவில்லை. எப்படி அம்மா? என்ன அநியாயம் இது?

மில் பேச்சு எனக்குத் தெரியாததில்லை. முக்கூடல் ரோட்டில் இருந்த அந்தச் சின்ன நூல் மில்லில்தான் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். மிஷின் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அப்பா சீக்கிரமே வெளியே வந்து சைக்கிள் கடை போட்டுவிட்டார். நீதான் மில்லை மூடும்வரைக்கும் நின்றாய். வீட்டிலும் அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கையில், நீ அடுக்களை நிலையில் நின்று உதட்டை அசைப்பாய், அப்பா எழுந்துபோய்ப் பால் வாங்கிவருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்து மறைப்பேன். நீங்கள் என் தலைக்கு மேல் பேசுவீர்கள்.

ஆனால் அந்தச் சத்தம் உன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நீ சொன்னால்தானே.

அன்று பகல் முழுக்க நான் எதுவும் செய்யவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக யோசித்தேன்.

உன் நிதானம். முதலில் அதிலிருந்து வருகிறேன். போனில் நான் என்ன கேட்டாலும் நீ உடனே பதில் சொல்லமாட்டாய். ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்பாய். பிறகு பைய, அளந்து, பேசுவாய். இதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? "எங்கம்மா பத்தாங்கிளாஸ்கூடத் தாண்டல, ஆனா யோசிக்காம ஒரு வார்த்தை விடமாட்டா." ஆபீசில் புதிதாக வந்த பெண்களுக்குக்கூட உன்னைத்தான் உதாரணம் காட்டினேன். அந்த இடைவெளியில் எதிரே ஒரு மனுஷர் என் பேச்சை மென்று உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் போன் எப்போதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். "ஸ்பீக்கர்ல போடாதம்மா, யாராவது கேப்பாங்க" என்பேன். "கை வலிக்குட்டி, மேசையில வச்சிருக்கேன். இங்கன யாரு இருக்கா?" என்பாய். யாரு இருக்கா! பாவி. எதிர் நாற்காலியில் அவர் இருந்திருக்கிறார்.

வீடியோவில் வா என்று எத்தனை தடவை கெஞ்சினேன். "சவத்த, அந்தக் கருமம் எனக்கு வேண்டாம், தலை சீவாம கெடக்கேன்" என்று தட்டிவிடுவாய். தலை சீவாததா காரணம்? வீடியோவில் வந்தால் உன் கண் என்னைப் பார்க்காது, பக்கத்தில் இருக்கும் அவர் வாயைப் பார்க்கும். நான் கண்டுபிடித்துவிடுவேன்.

எல்லாவற்றையும்விட என்னால் தாங்க முடியாதது இன்னொன்று. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கென்று ஒவ்வொரு வருஷமும் வருவேன். நான் வந்ததும் அப்பா கடைக்குப் போய்விடுவார். நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜன்னல் பக்கம் உட்காரவைப்பாய். "வெளிச்சத்துல உக்காரு, ஒன் மொகத்த நல்லாப் பாக்கட்டும்" என்பாய். ஒரு வருஷமாகப் பார்க்காத மகள் முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்க்கிறாளே என்று எனக்கு உள்ளே இளகிப்போகும். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பார்வையைத்தான் நினைத்துக்கொண்டு போவேன். அம்மா, நீ பார்த்தது என் முகத்தையா, என் வாயையா? அது பாசமா, காரியமா? இதைக் கேட்க எனக்கு இனி ஆள் இல்லையே.

சாயங்காலம் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"எல்லாத்தையும் கேட்டீங்களா?"

"ம்."

"எல்லாத்தையும் அவகிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லாம? அவ என் வாயத்தான பாத்துக்கிட்டு இருப்பா. நான் ஒரு சொல்ல முழுங்கினாலும் கண்டுபிடிச்சிருவா. தொடையில கிள்ளுவா."

நான் உன்னிடம் பேசியதில் பாதி அவரைப் பற்றித்தான். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்டீ" என்று நீ கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அந்த மனுஷன் செத்தாக்கூட வரமாட்டேன்" என்றேன். என் கல்யாணத்துக்கு வராத மனுஷர், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவப் பையன் என்ற ஒரே காரணத்துக்காக மாப்பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காத மனுஷர், அவரைப் பற்றி வேறு எப்படிப் பேசுவேன்? அந்தக் கோபம் நியாயமான கோபம். இப்போதும் அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப்போவதில்லை.

ஆனால் அதை அவர் வாயாலேயே சொல்லவைத்தாயே அம்மா.

"அதையும் சொன்னீங்களா? ஆபரேஷன் அன்னைக்கு நான் சொன்னத?"

அப்பா சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னேன். 'அந்த மனுஷன் செத்தாக்கூட வரமாட்டாளாம்'னு. அவ மொகம் சுண்டிப்போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சா தையல் வலிக்கு. நான் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கேன், அவ அழுதா. அப்புறம் ஒங்கிட்ட என்னமோ கேட்டாள்லா?"

கேட்டாய். வழக்கம்போல ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு, நான் சொன்னது காதிலேயே விழாதது போல, "சரி, நீ சாப்பிட்டியா?" என்றாய். நீ எந்தச் சண்டையையும் அப்படித்தான் முடிப்பாய்.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்க வாய் வரவில்லை. கடைசியில் கேட்டேன். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போன அன்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து உன்னைத்தான் கூப்பிட்டேன். "அம்மா, போயிட்டும்மா" என்றேன். நீ பேசவில்லை. அந்த வழக்கமான நேரம் கடந்தது, அதற்கு மேலும் கடந்தது. "அம்மா, இருக்கியா? அம்மா?" என்று கத்தினேன். போன் கட்டாகிவிட்டது. உலகத்தில் எனக்கு யாருமே இல்லை என்று அந்த நிமிஷம் நினைத்தேன். வெகுநேரம் கழித்துத்தான் நீ கூப்பிட்டாய். என்னால் உன்னை மன்னிக்கவே முடியவில்லை, ஆனால் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒன்று மட்டும் கடைசிவரை பேசப்படாமலே கிடந்தது.

அப்பா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"நீ சொன்னத நான் சொன்னேன். சொன்னதும் அவ சேலைய எடுத்து மொகத்த மூடிக்கிட்டா. மூடிக்கிட்டா நான் என்ன செய்ய? என் வாயப் பாக்கமாட்டேங்கா. நீ அந்தப் பக்கம் அம்மா அம்மான்னு கத்துத. நான் அவ கையப் புடிச்சு இழுக்கேன், முந்தானைய எடுக்கமாட்டேங்கா. நான் பேசலாம்னா..."

அங்கே நின்றுவிட்டார்.

"பேசியிருக்கலாம்லா" என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா குழாயை நிறுத்தியது கேட்டது.

"வாயத் தொறந்தேன். என் சத்தத்தக் கேட்டா நீ வச்சிருவேன்னு பயந்துட்டேன். வச்சா, அப்புறம் அவகிட்டயும் பேசமாட்டே. அதான் நானே கட் பண்ணிட்டேன்" என்றார். "அன்னைக்கு மட்டும் நான் அந்த வேலையச் சரியாச் செய்யல."

அம்மா, நான் அங்கேயே, அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக நான் உன் மேல் வைத்திருந்த ஒரே ஒரு குறை, அது உன்னுடையதே இல்லை. நீ அழுதிருக்கிறாய். எனக்காக முகத்தை மூடிக்கொண்டு அழுதிருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டு, என் கத்தலையும் கேட்டுக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷர் வாயைத் திறந்து மூடியிருக்கிறார்.

"ஏன் என்கிட்டச் சொல்லல?" என்றேன். "காது கேக்கலன்னு சொன்னா என்ன? நான் என்ன அவளை விட்டுருவேனா?"

"அவதான் சொல்லக்கூடாதுன்னா. 'கேக்கலன்னு தெரிஞ்சா அவ போன நிறுத்திருவா. ஒங்ககிட்டயும் பேசமாட்டா. பொறவு அவ மனசுல உள்ளத யார்ட்ட போயிச் சொல்லுவா'ன்னா. காது மிஷின் வாங்கி மாட்டிப் பாத்தோம். மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி இரையுதுன்னு கழத்திப் போட்டுட்டா. அந்த அரிசி டின்னுக்குள்ளதான் கெடக்கும்."

கிடந்தது. பஞ்சு வைத்து, பழைய பவுடர் டப்பாவில். என் கோபத்துக்கு அதைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. நீ எனக்குச் சொன்ன புத்தியெல்லாம் உன்னுடையதா, இல்லை அதிலும் கலப்பா? கேட்டேன்.

"சே, அதெல்லாம் அவதான். நான் வெறும் ஒயரு" என்றார். அவர் முகத்தில் அப்போது லேசாக ஒரு சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. உன் காரியம் முடிந்த மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் சிரித்துக்கொண்டிருந்தோம், பார்த்திருந்தால் நீ தொடையில் கிள்ளியிருப்பாய்.

நானும் உன் மருமகனும் பேசாமல் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். "அப்பாட்ட சாப்பிட வரச்சொல்லு", "அம்மாட்ட பசிக்கலன்னு சொல்லு" என்று பிள்ளையை நடுவில் வைத்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அதை உன்னிடம் சொல்லி அழுதேன். நீ எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டு சொன்னாய்: "வீட்டுக்குள்ள நின்னுபோன பேச்ச யாராவது ஒருத்தர் அசிங்கப்பட்டுத்தான் தொடங்கணும். நீயே அசிங்கப்படு, கொறஞ்சு போகமாட்டே." அன்றைக்கே நான் அசிங்கப்பட்டேன். அவருக்குத் தோசை வார்த்துக்கொண்டு போய், "இன்னும் ஒண்ணு வேணுமா?" என்று நேராகக் கேட்டேன். அதோடு தீர்ந்தது. என் குடும்பம் இன்றைக்கு நிற்கிறது என்றால் அந்த ஒரு தோசையில் நிற்கிறது.

இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதைச் சொல்லும்போது நீ யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? என்னை அல்ல. நான் பெங்களூரில் இருந்தேன். உன் கண் முன்னால் இருந்தது வேறொருவர் முகம். அடி காரியக்காரி! ஒரே கல்லை இரண்டு பேர் தலையிலும் போட்டிருக்கிறாய். என் தலையில் அன்றைக்கே விழுந்தது. அவர் தலையில் விழ நீ போக வேண்டியிருந்தது. சீனி போடாத காப்பியோடு அவர் வந்து நின்றாரே, அதுதான் அவர் அசிங்கப்பட்டது.

நான் அவரை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். கல்யாணத்துக்கு வராதது வராததுதான். அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. பேசுவோம், ஒருநாள் நன்றாகச் சண்டை போட்டே பேசுவோம்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, வேண்டாம் என்று சொல்லியும் பையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுவரை வந்தார். ஏ.சி. பஸ். கண்ணாடியைத் திறக்க முடியாது. அவர் கீழே நின்று, சுற்றிலும் அத்தனை பஸ் இரைச்சலுக்கு நடுவில், உதட்டை அசைத்து என்னமோ சொன்னார். மில் பேச்சு. எனக்குப் புரியவில்லை. கையை விரித்துக் காட்டினேன். மறுபடியும் சொன்னார். மறுபடியும் புரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சட்டைப் பையிலிருந்து உன் போனை எடுத்துக் கூப்பிட்டார். என் திரையில் "அம்மா" என்று வந்தது. எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல. போயிச் சேந்ததும் பேசுன்னு சொன்னேன்" என்றார்.

நேற்றுக் காலை வீட்டுக்குள் நுழைந்து, பையைக்கூட இறக்காமல் கூப்பிட்டேன். "அம்மா" என்ற அந்தப் பெயரைத்தான் அழுத்தினேன். இனிமேலும் அதை மாற்றப்போவதில்லை. ஸ்பீக்கரில் போட்டிருப்பது தெரிந்தது. அதே கிணறு.

"வந்து சேந்துட்டேன்ப்பா" என்றேன்.

பதில் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம். எனக்குத் தெரிந்த, அளந்துவைத்தது போன்ற அதே நேரம். எத்தனையோ வருஷமாக உன் நிதானம் என்று நான் தூக்கிவைத்துக் கொண்டாடிய நேரம். அவர் முன்னால் இருக்கும் நாற்காலி காலி என்று எனக்குத் தெரியும். நான் அவசரப்படுத்தவில்லை.

"சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. "அம்மா என்ன சொல்லுதா?" என்றுதான் கேட்டேன்.

மறுபடியும் அந்த நேரம். பிறகு, உன்னை மாதிரியே பைய, அளந்து:

"சாப்பிட்டியான்னு கேக்கா."